கூடம் கோணல்

பாலத்து இறக்கத்தில் ஒரு லாரி எங்கள் இடப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வந்தது. நான் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். முன்னால் போன பஸ் வேகத்தைக் குறைத்ததும், பக்கத்து சீட்டில் இருந்த அத்தான் தன் காலடியிலிருந்த பிரேக்கை மிதித்தார். முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். அதே நொடியில் வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. லாரியின் டயர் அத்தானின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்சீட்டில் அக்கா வீல் என்று கத்தினாள். நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். எப்படித் தப்பினோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி என் பிறப்பு வளர்ப்பையெல்லாம் விசாரித்துவிட்டுப் போனான்.

அத்தான் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க? அவ்வளவு பெரிய லாரி தெரியல? அது மேலயே கொண்டு போய்ச் சாத்துற!"

"நான் திருப்பவே இல்ல அத்தான். நீங்க பிரேக் போட்டீங்க, வண்டி தானா இழுத்துச்சு."

"நீ இழுத்த. அதனால நான் பிரேக் போட்டேன்."

"நீங்க போட்டதாலதான் இழுத்துச்சு."

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அத்தானுக்குத் தெரிந்த பழமொழி அது ஒன்றுதான். அதை வைத்தே அவர் இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்திவிட்டார். ஸ்கூல் என்றால் ஒரு பலகை, ஒரு மேசை, இந்தப் பழைய கார். கற்றுக்கொள்பவர் வலப்பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, அத்தான் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்வார். அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஆள் நல்ல கனம். அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் ஒரு முறை பணிந்து வணக்கம் சொல்லும். மனுஷர் மோசமில்லை. எனக்கு இலவசமாகத்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஓட்டுகிறவர்கள் கை நடுங்கினாலும் வண்டி விலகினாலும் பழமொழி ரெடியாக வந்துவிடும். அக்கா புருஷன் என்பதால் நானும் முடிந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முடிந்தவரை என்பது கொஞ்சம் குறைவு.

அன்றைக்கு எனக்கு இதே வண்டியில் மூன்றாவது லைசன்ஸ் டெஸ்ட். முதல் தடவை, நேராகப் போக வேண்டிய கோட்டில் வண்டி இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டது. இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காகப் போய், கடைசியில் அதிகாரி தன் பக்கத்து பிரேக்கைச் சட்டென்று மிதித்ததும் வண்டி துள்ளிப்போய் ஓரத்துக் கம்பத்தைச் சாய்த்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. "வண்டியைப் பிடிக்கவே தெரியலையேம்மா" என்றார் அந்த அதிகாரி. அதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவப்பட்டுச் சொன்னார்.

நான் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். ஜன்னல் இல்லாத அறை. காலையில் உள்ளே போனால், வெளியே மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று சாயங்காலம் தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிடங்கு டெலிவரி வேனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்குக் காலையில டெஸ்ட் பாஸான காகிதத்தோட வா, சாவி உனக்கு. இல்லன்னா வெளியாள் வர்றான்" என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டாள். அந்தச் சாவி எனக்கு வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.

பாலம் இறங்கியதும் டெஸ்ட் மைதானத்துக்கு நேராகப் போக வேண்டும். நான் இடப்பக்கத் தெருவில் திருப்பினேன். இந்தத் தடவை நானேதான் திருப்பினேன்.

"ஏய், எங்க போற?" என்றார் அத்தான்.

"பொறுங்க கடைக்கு."

"டெஸ்டுக்கு நேரமாச்சு! நிறுத்து!"

"நீங்களே நிறுத்துங்களேன். உங்ககிட்டதான் பிரேக் இருக்கே. மிதிங்க, இன்னொரு தடவை டொக்குன்னு கேக்கட்டும்."

அவர் காலைத் தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மிதிக்கவில்லை. அக்கா பின்னால் மூச்சுக்கூட விடவில்லை. அக்கா எப்போதுமே அப்படித்தான். எங்கள் வீட்டுக்கென்று வந்த கோபம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன் போல.

'பொறுங்க' என்பது மெக்கானிக்கின் பெயர் இல்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் "பொறுங்க" என்பான். தெருவே அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் நெடுக ஆணியில் தொங்கும் ஸ்பேனர்கள், உட்கார ஒரு காரின் பழைய பின்சீட். கொல்லைப்புறத்தில் அடிபட்டும் துருப்பிடித்தும் கிடக்கிற கார்கள்.

"இழுக்குது, டொக்குன்னு சத்தம் வருது" என்றேன்.

"பொறுங்க. போன மாசம்தானே இவர் கொண்டு வந்தாரு. ஓட்டிப் பாத்தேனே. ஒண்ணுமில்லையே."

"கேட்டியா?" என்றார் அத்தான் என்னைப் பார்த்து.

"இன்னொரு தடவை பாருங்க. எனக்காகப் பாருங்க."

டெஸ்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால், எல்லாரையும் முடித்துவிட்டுக் கடைசியாக ஒருமுறை கூப்பிடுவார்கள். அப்போதும் இல்லையென்றால் அடுத்த மாதம்தான். அடுத்த மாதம் அந்த வேனை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருப்பான். ஆனாலும் அந்த டொக் சத்தத்தோடு மறுபடியும் அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. உட்கார்ந்தால் வண்டி மறுபடியும் பாயும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

பொறுங்க முதலில் டயர்களில் காற்றைப் பார்த்தான். நான்கிலும் சரி. தனியாக எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தான். "லேசா இடப்பக்கம் போகுது. பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றான். இறங்கி இரண்டு முன்சக்கரங்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்குமாம். இரண்டும் ஒரே சூடு. அப்புறம் முன் டயர் இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டான்.

"டயர்ல கோளாறுன்னா இழுப்பும் பக்கம் மாறணும்" என்றான். மறுபடி தனியாக ஓட்டிவிட்டு வந்தான். மாறவில்லை. அதே லேசான இடப்பக்கம்.

அக்கா சுவர்க் கடிகாரத்துக்கு நேராக அந்தப் பழைய சீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

பொறுங்க ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினான். சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டினான். பிறகு இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. கீழே இறக்கி, பானெட் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி அமுக்கி விட்டான். வண்டி சமர்த்தாக ஏறி இறங்கியது. சத்தம் என்கிற பேச்சே இல்லை.

"சக்கரம் கல்லு மாதிரி நிக்குதுங்க" என்றான் அத்தானிடம்.

அத்தான் வெற்றி வீரர் மாதிரி என் பக்கம் நடந்து வந்தார். "திருப்தியா? மெக்கானிக்கே சொல்லியாச்சு. இப்ப கிளம்புறியா, இல்ல இன்னும் கூடம் கோணலா?"

நான் என் கையைப் பார்த்தேன். பிடித்துப் பிடித்து உள்ளங்கை சிவந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை இந்தக் கைதானோ? பயத்தில் நானே திருப்பிவிட்டு வண்டியின் மேல் பழி போடுகிறேனோ? அழுகை தொண்டை வரை வந்தது. இவர் முன்னால் அழுவதற்கு நான் செத்துப்போகலாம் என்று அதை விழுங்கினேன்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு" என்றது ஒரு குரல்.

அக்கா. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"டொக்குன்னு. நான் கத்துக்கிட்டப்ப. இவர் பிரேக் போடுறப்ப எல்லாம் கேட்டுச்சு. உடனே வண்டி ஓரத்துக்குப் போகும். நான்தான் திருப்புறேன்னு இவர் சொன்னாரு. சரின்னு விட்டுட்டேன்."

அக்கா போன வருஷம் இதே வண்டியில் இதே மனுஷரிடம் கற்றுக்கொண்டாள். பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கு அதெல்லாம் வரலடி, என் கை சரியில்ல என்பாள் யாராவது கேட்டால். அன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். வீட்டு வாசலில் கார் நிற்கிறது.

"பழைய கதை எதுக்கு இப்ப?" என்றார் அத்தான்.

ஆனால் எனக்குப் பொறி தட்டிவிட்டது. இவர் பிரேக் போடுகிறபோது. லாரி வந்தபோதும் இவர்தான் போட்டார். டெஸ்டில் அதிகாரி போட்டார். அதிகாரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை, கனத்தில் அத்தானுக்குத் தம்பி மாதிரி இருப்பார். இடப்பக்க சீட்டில் எப்போதும் ஒரு கனமான ஆள், அவர் காலுக்குக் கீழே ஒரு பிரேக். பொறுங்க ஓட்டினால் தனியாக ஓட்டுகிறான். அத்தான் கடைக்கு வந்தாலும் தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறார். அப்போது அந்த சீட் காலி. சட்டென்று பிரேக் போடவும் யாரும் இல்லை.

"அத்தான் இடப்பக்கம் ஏறணும். நான் ஓட்டுறேன். அத்தான் திடீர்னு பிரேக் போடட்டும். நீங்க பக்கத்துல நடந்து வந்து இந்தச் சக்கரத்தைப் பாருங்க" என்றேன் பொறுங்கவிடம்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அத்தான். "அங்க பேரு கூப்பிட்டுக்கிட்டு இருப்பான். ஃபெயிலாகுறதுக்குச் சாக்கு தேடுறா இவ."

அக்கா எழுந்து வந்தாள். இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏறி உட்காருங்க" என்றாள்.

அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தெருவில் வண்டியை மெதுவாக விட்டேன். நடந்துபோகிற வேகம்தான். பொறுங்க இடுப்பை வளைத்துக்கொண்டு முன்சக்கரத்தோடு கூடவே வந்தான். அக்கா ஓரமாக நின்றாள். இப்போதும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் என் கை கோணல்தான். ஆயுசுக்கும் கோணல்தான். டேப்பையும் பெட்டியையும் கட்டிக்கொண்டு அந்த அறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

"போடுங்க" என்றேன்.

அத்தான் மிதித்தார். டொக். வண்டி இடப்பக்கம் மூக்கைத் திருப்பியது.

"ஐயையோ!" என்றான் பொறுங்க.

எதற்கும் பொறுங்க என்கிறவன் பதறியது அன்றைக்குத்தான்.

"விடுங்க. மறுபடி போங்க. மறுபடி போடுங்க." நான் நகர்த்தினேன். டொக். பொறுங்க இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இறங்குங்க. நீங்களே பாருங்க" என்று அத்தானை இறக்கிவிட்டு அவன் ஏறிக்கொண்டான். அவன் ஒல்லி. அதனால் பாதி ஓட்டத்தில் இரண்டு காலாலும் ஏறி மிதித்தான்.

டொக்.

அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் பிடித்ததும் சக்கரம் அப்படியே ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பின்னால் போனது. பிரேக்கை விட்டதும் முன்னால் வந்தது. சுற்றுவதைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாத சக்கரம், கதவு மாதிரி போய்ப் போய் வந்தது. அத்தான் நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

பொறுங்க வண்டியடியில் படுத்து, நீளமான கம்பி ஒன்றைச் செருகி நெம்பினான். சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிற இரும்புத் தண்டுக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அது சட்டத்தில் மாட்டுகிற இடத்தில் 'புஷ்' என்கிற தடித்த ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இவன் நெம்பியதும் அங்கிருந்து கறுப்பாக மூன்று நான்கு துண்டுகள் உதிர்ந்து விழுந்தன.

"தொங்கப்போட்டு ஆட்டினா எல்லாம் இறுக்கமாத்தான் தெரியும். ஏமாந்துட்டேன்" என்றான் அடியிலிருந்தே. "ரப்பர் செத்து ரொம்ப நாளாச்சு. போல்டைப் பாதி தின்னிருக்கு. இதுல இன்னைக்கு இன்னொரு முழு பிரேக் போட்டிருந்தீங்கன்னா சக்கரம் மடங்கி உள்ள போயிருக்கும். எங்கயாவது பள்ளத்துல விட்டீங்களா?"

அத்தான் உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மழைக்காலத்துல ஒரு குழியில விட்டாரு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அதுக்கப்புறம்தான் சத்தம்" என்றாள் அக்கா. "அன்னைக்கே மெக்கானிக்கிட்ட காட்டச் சொன்னேன்."

அன்றைக்கே சொன்னதற்கு அவர் என்ன பழமொழி சொல்லியிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை.

பாலத்து இறக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பழைய சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கையில் தப்பில்லை என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தான் மேல் வந்தது, பொறுங்க மேல் வந்தது, ஒரு வருஷமாக வாயைத் திறக்காத அக்கா மேலும் வந்தது.

"வண்டியை இப்படியே எடுக்க நான் விடமாட்டேன்" என்றான் பொறுங்க.

"அப்ப டெஸ்ட்?" என்றேன்.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், கொல்லைப்புறத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "பின்னாடி இதே மாடல் ஒண்ணு கிடக்குதுல்ல? பின்பக்கம் அடிபட்டது? முன்னாடி நல்லாத்தானே இருக்கும்?"

அதற்கப்புறம் நடந்தது ரேஸ். பொறுங்க இந்த வண்டியில் கழற்றினான், அத்தான் கொல்லையில் கிடந்த வண்டியில் கழற்றினார். அங்கே ஒரு போல்ட் துருவேறி அசைய மாட்டேன் என்றது. எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அத்தான் தன் முழு எடையையும் அதன் மேல் சாய்த்தார். "வாழ்க்கையில இன்னைக்குத்தான் இந்த உடம்பு உபயோகப்படுது" என்று அக்கா முணுமுணுத்தாள். போல்ட் கிறீச்சென்று கத்திக்கொண்டு திரும்பியது. அத்தான் குப்புற விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரம் இல்லை.

மாட்டி முடித்ததும் பொறுங்க பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூல் பிடித்து, முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துத் திருகினான். "இப்போதைக்கு இது போதும். நாளைக்கு மெஷின்ல வச்சுச் சரி பாக்கணும். ஓடுங்க" என்றான்.

"நான் ஓட்டுறேன், சீக்கிரம் போயிடலாம்" என்று அத்தான் ஸ்டீயரிங்கில் ஏறினார். நான் இடப்பக்கம், அக்கா பின்னால். பெரிய சாலைக்கு வந்து வேகம் எடுத்தார். எடுத்த வேகத்தில் வண்டி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனது. எதிரே ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது.

"ஏங்க! வலப்பக்கம் போறீங்க!" என்று அக்கா கத்தினாள்.

அத்தான் இடப்பக்கம் வெட்டினார். பஸ் காற்று மட்டும் எங்களை அடித்துவிட்டுப் போனது. அவர் நேராக்கினார். ஒரு நிமிஷம் நேராகப் போய், வண்டி மறுபடி மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். வலது கை ஸ்டீயரிங்கைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தது. இடப்பக்க இழுப்புக்கு எதிராக இரண்டு வருஷமாக இழுத்துப் பிடித்த கை. அவருக்கே தெரியாமல் பழகிப்போன கை.

"நாசமாப் போச்சு. அந்தப் பய கெடுத்து வச்சுட்டான். இப்ப வலப்பக்கம் இழுக்குது வண்டி" என்றார் அத்தான்.

பின்சீட்டிலிருந்து அக்கா நிதானமாகச் சொன்னாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அத்தானின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் நானே ஒரு வாரத்துக்கு அதை வைத்து ஓட்டியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அவர் வண்டியை ஓரம்கட்டினார். இறங்கி, முன்னால் சுற்றிக்கொண்டு வந்து என் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு" என்றார்.

நான் உட்கார்ந்ததும் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. நானும் அதே கோணல் வண்டியில் கற்றுக்கொண்டவள்தானே? கிளப்பினேன். என் கையும் வலப்பக்கம்தான் இழுத்தது. வண்டி நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது. அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். சத்தம் போடாமல் அவர் பேசி அந்த வண்டிக்குள் நான் கேட்டது அப்போதுதான்.

"பிடியைத் தளர்த்து. இறுக்காத. வண்டி நேராத்தான் இருக்கு, அது பாட்டுக்குப் போகும். நான் காலைத் தூக்கி வச்சுக்கிறேன், பிரேக் பக்கமே வரமாட்டேன்."

அவர் நிஜமாகவே இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மைதானம் வரை நான் என் விரல்களோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினேன்.

மைதானத்தில் கூட்டம் கலைந்திருந்தது. வாசலில் நின்ற ஆள் கடைசியாக வராதவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓட்டினேன். அதே அதிகாரி. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அதே பரிதாபம்.

"மறுபடியும் நீயாம்மா?" என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கம் ஏறினார். வண்டி பணிந்து வணக்கம் சொன்னது.

வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நேராகப் போனேன். விரல் நுனியில் மட்டும் பிடித்திருந்தேன். வலப்பக்கம் இழுக்கச் சொல்லி என் கை கெஞ்சியது. இழுக்காதே, விடு, விடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வளைவு முடிந்தது. பின்னால் எடுத்தது முடிந்தது. போன தடவை நான் சாய்த்த கம்பத்தை மறுபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை நெருங்கியபோது அதிகாரியின் கால் அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். மிதித்தார்.

சத்தம் இல்லை. வண்டி நின்ற இடத்தில் நேராக நின்றது. கம்பம் அதன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

அதிகாரி கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப பிடிக்கத் தெரியுதே" என்றார். "பாஸ். உள்ள வந்து வாங்கிட்டுப் போ."

நான் இறங்கி ஓடினேன். கையெழுத்தான காகிதத்தோடு வெளியே வந்தபோது மைதானத்தில் எங்கள் வண்டி மட்டும்தான் இருந்தது. நாளைக்கு வேன் சாவி எனக்கு. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். விழுங்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதேன்.

அத்தான் கொஞ்சம் தள்ளி நின்றார். கார் சாவி அவர் கையில். என்னிடம் வந்து நல்லா ஓட்டின என்றார். பிறகு சாவியை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். காலி மைதானம்தான், கேட்க ஆள் இல்லை.

அவள் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தாள். அத்தான் பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"நீங்க பின்னாடி" என்றாள் அக்கா.

நான் பக்கத்தில் உட்கார்ந்து காலை பிரேக்கிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். அக்கா கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகர்ந்தது. அவள் பாதியில் விட்டவள். வலப்பக்கம் இழுக்க அந்தக் கை பழகவே இல்லை. வெள்ளைக் கோட்டின் மேல் வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. பின்சீட்டில் அத்தானின் கால் வெறும் தரையை அமுக்குகிற சத்தம் கேட்டது. அங்கே பிரேக் இல்லை.

மைதானத்தின் அந்தக் கோடியில் அக்கா வண்டியை நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"ஒரு வருஷமா இந்தக் கையைத்தான்டி திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கியரைப் போட்டாள்.

"இன்னொரு சுத்து போறேன்."